பிடியரிசிக் கணக்கு



இயற்பியல் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நியூட்டனும் அல்லர், ஆர்க்கிமிடீசும் அல்லர். இரவு எட்டு மணிக்கு, விடை வராமல் முறைத்துக்கொண்டு நிற்கும் வீட்டுப்பாடக் கணக்குதான் நினைவுக்கு வரும். சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் கணக்கு ஓர் அடிகூட நகராது. அந்த நேரத்தில் யாரிடம் உதவி கேட்பது? எப்படிக் கேட்பது? எவ்வளவு கேட்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் இவ்வாண்டு நாங்கள் கண்ட விடையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் ஐவர். இருவர் விருதுநகரிலேயே குடியிருப்பவர்கள். மூவர் சிவகாசிச் சாலையிலுள்ள சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர்கள். எங்கள் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. முதலில் எங்கள் குற்றத்தைத்தான் சொல்லப்போகிறோம்.

ஐந்து நோட்டில் ஒரே பிழை

ஒலியியல் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டுப்பாடமாக ஒரு கணக்குத் தரப்பட்டது. ஒருவர் ஒரு குன்றை நோக்கி நின்று வெடி வெடிக்கிறார். 4 விநாடி கழித்து எதிரொலி கேட்கிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்றால் குன்று எவ்வளவு தொலைவில் உள்ளது?

எங்களில் ஒருத்தி பேருந்திலேயே அதைப் போட்டு முடித்தாள். இரவு அவள் அப்பாவின் கைபேசியில் நோட்டைப் படம் எடுத்து மற்ற நால்வர் வீட்டுக்கும் அனுப்பினாள். நாங்கள் நால்வரும் நன்றி சொல்லி, பார்த்து எழுதி, நிம்மதியாகத் தூங்கினோம். விடை 1360 மீட்டர்.

மறுநாள் நோட்டுகள் திரும்பி வந்தன. சிவப்பு மையில் தவறுக் குறி இல்லை. ஐந்து நோட்டிலும் சிஸ்டர் ஒரே வரியை எழுதியிருந்தார்: 'சத்தம் எத்தனை வழி நடந்தது?' கீழே 'மீட்டர்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். அவசரத்தில் அவள் 'ட்' மேல் புள்ளி வைக்க மறந்திருந்தாள். நாங்கள் நால்வரும் அந்தப் புள்ளியை அவளைப் போலவே மறந்திருந்தோம்!

வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் எங்களை அழைத்தார். அடிப்பார், திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனோம். அவர் அமைதியாக, "தவறு செய்வது பெரிய குற்றம் இல்லை பிள்ளைகளே. ஆனால் இந்தத் தவறு யாருடையது? சொந்தக்காரி யார் என்று தெரிந்தால் அவளிடம் பேசித் திருத்தலாம். யாருக்கும் சொந்தமில்லாத தவற்றை நான் எப்படித் திருத்துவது?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை கணக்கை மறுபடி எடுத்தோம். சத்தம் எத்தனை வழி நடந்தது? போகும்போது ஒரு வழி, குன்றில் மோதித் திரும்பும்போது ஒரு வழி. ஆகவே 4 விநாடியில் ஒலி கடந்த 1360 மீட்டர் என்பது போக வர உள்ள தூரம். குன்று இருப்பது அதில் பாதியான 680 மீட்டரில். சிஸ்டர் விடையைச் சொல்லவில்லை. ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தார். அந்தக் கேள்வி இன்றும் எங்களுக்கு மறக்கவில்லை. பார்த்து எழுதிய விடையோ மறுநாள் காலையிலேயே மறந்துவிட்டது.

பாட்டி சொன்ன பிடியரிசி

இந்தக் கதையை விருதுநகர்த் தோழி தன் பாட்டியிடம் சொல்லி வருந்தினாள். பாட்டி சிரித்துவிட்டு, "பிடியரிசி தெரியுமாடி உனக்கு?" என்று கேட்டார்களாம்.

நம் ஊருக்கு விருதுபட்டி என்ற பெயர் இருந்த காலம். 1885-இல் இங்கே க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது. பள்ளி நடத்தப் பணம் வேண்டுமே! ஊரார் ஒரு வழி கண்டார்கள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வீடு வீடாக அந்த அரிசியைத் திரட்டிப் பள்ளிச் செலவுக்கு ஆக்கினார்கள். அதுவே பிடியரிசி. 1903-இல் இவ்வூரில் பிறந்த பெருந்தலைவர் காமராசரும் அந்தப் பள்ளியில் பயின்றவரே. குடும்பச் சூழ்நிலையால் சிறு வயதிலேயே படிப்பை விட்ட அவர், பின்னாளில் முதலமைச்சரானபோது ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் தந்தார்.

பாட்டி சொன்ன கருத்து இதுதான்: "ஊரு பூரா குடுத்தது ஒரு பிடி அரிசி. யாரும் சோத்தை ஆக்கி ஊட்டிவிடலை. நீங்க அஞ்சு பேரும் அரிசி வாங்கலை, சோத்தையே வாங்கித் தின்னுட்டீங்க. அதான் அடுப்பு மூட்டவே தெரியலை."

எங்களுக்கு இது சுருக்கென்று தைத்தது. உதவி கேட்பதில் இழிவு இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் பெறுகிற உதவி அரிசியாக இருக்க வேண்டும். சமைத்த சோறாக இருக்கக்கூடாது. குறிப்பு, கேள்வி, படம், எடுத்துக்காட்டு இவையெல்லாம் அரிசி. முழு விடை என்பது சோறு. அது அன்றைய பசியைப் போக்கும். தேர்வு அறையில் உலை வைக்கக் கற்றுத்தராது.

நம் மாவட்டத்தின் தொழிலே இப்படித்தான் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். போனவர்கள் தீப்பெட்டிகளை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஊருக்கு வந்து தாங்களே செய்து பார்த்தார்கள். வாங்கி வந்திருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். கற்று வந்ததால் நூறு ஆண்டுகளாகப் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது.

கேட்பதற்கு முன் நான்கு வேலை

அரிசி வாங்கப் போகிறவள் பாத்திரம் கொண்டுபோக வேண்டும் அல்லவா? வெறுங்கையோடு போய் "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றால் யாரால் என்ன கொடுக்க முடியும்? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் கணிதம் கற்பித்த பேராசிரியர் ஜார்ஜ் போலியா, 1945-இல் 'ஹௌ டு சால்வ் இட்' என்ற நூலை வெளியிட்டார். கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, திட்டப்படி செய், திரும்பிப் பார் என்று நான்கு படிகளை அவர் வகுத்தார். அவற்றை நாங்கள் எங்கள் நோட்டுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டோம்.

முதலாவது, படம் வரைய வேண்டும். அழகான படம் தேவையில்லை. குன்றுக்கு ஒரு கோடு, மனிதருக்கு ஒரு புள்ளி, ஒலிக்கு ஓர் அம்பு போதும். எதிரொலிக் கணக்கில் நாங்கள் படம் வரைந்திருந்தால் திரும்பி வரும் அம்பையும் போட்டிருப்போம். பிழை அப்போதே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, தெரிந்தவை எவை, தெரியாதது எது என்று இரண்டு பத்தியாக எழுத வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகு இருக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த விதி இங்கே வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். சூத்திரம் அல்ல, வாக்கியம். எடுத்துக்காட்டாக, 'ஒலி ஒரே வேகத்தில் போய்த் திரும்புகிறது' என்று எழுதலாம்.

நான்காவது, எந்த இடத்தில் நின்றுவிட்டோம் என்பதைக் குறிக்க வேண்டும். "மூன்றாம் வரி வரை வந்துவிட்டேன், இந்த விசையை அந்த விசையிலிருந்து கழிப்பதா, கூட்டுவதா என்று தெரியவில்லை" என்று கேட்டால், உதவுகிறவர் ஒரு நிமிடத்தில் உதவிவிடுவார். பல முறை இந்த நான்காவது வேலையைச் செய்யும்போதே எங்களுக்கு வழி பிறந்துவிட்டது. கேட்கவே தேவை இல்லாமல் போயிற்று!

ராக்கெட்டும் நான்கு மூட்டையும்

அடுத்து வந்தது இயக்க விதிகள் பற்றிய பயிற்சித் தாள். 50 கிராம் நிறையுள்ள ஒரு பட்டாசு ராக்கெட்டிலிருந்து விநாடிக்கு 20 கிராம் வாயு, விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி வெளியேறுகிறது. அது கிளம்பும் கணத்தில் முடுக்கம் எவ்வளவு?

ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது? காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் எங்களில் மூவர் நினைத்திருந்தோம். அது தவறு. ராக்கெட் தன் வாயுவைக் கீழே தள்ளுகிறது. அந்த வாயு ராக்கெட்டை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. காற்றே இல்லாத விண்வெளியிலும் ராக்கெட் செல்வது இதனால்தான். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதித்துப் பார்க்கும் எஞ்சினுக்கும், நம் தெருவில் பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட்டுக்கும் விதி ஒன்றே.

உந்துவிசை காண, ஒரு விநாடியில் வெளியேறும் வாயுவின் நிறையை அதன் வேகத்தால் பெருக்க வேண்டும். எங்களில் ஒருத்தி 20-ஐ 100-ஆல் பெருக்கி, 2000 நியூட்டன் என்று எழுதிவிட்டாள். இம்முறை யாருக்கும் படம் எடுத்து அனுப்பவில்லை. தன் மாமாவிடம் போனாள். மாமா விருதுநகர்க் கடைவீதியில் பருப்பு மூட்டை தூக்கும் தொழிலாளி. நியூட்டனை அவர் அறியார். ஒரு கிலோ எடை என்பது சுமார் 9.8 நியூட்டன், எனவே 2000 நியூட்டன் என்பது ஏறக்குறைய 204 கிலோவைத் தாங்கும் விசை என்று அவளே கணக்கிட்டுச் சொன்னாள்.

மாமா வியந்து, "ஏம்மா, மூட்டைக்கு அம்பது கிலோ. அப்ப நாலு மூட்டை. நாலு மூட்டைக்கு நாங்க நாலு ஆளு நிக்கிறோம். உங்க காயிதக் குழாய் ஒத்தையிலே தூக்குமோ? நாளையிலேருந்து எனக்கு வேலை இல்லையா?" என்று கேட்டாராம்.

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள். கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை! 20 கிராம் என்பது 0.02 கிலோகிராம். அதை 100-ஆல் பெருக்கினால் உந்துவிசை 2 நியூட்டன். ராக்கெட்டின் எடை 0.05 × 9.8 = 0.49 நியூட்டன். எடை கீழே இழுப்பதால் அதைக் கழித்தால் மிஞ்சும் விசை 1.51 நியூட்டன். அதை நிறையால், அதாவது 0.05-ஆல் வகுத்தால் முடுக்கம் 30.2 மீ/வி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல மூன்று மடங்கு. குச்சியோடு 'விர்'ரென்று கிளம்பும் ராக்கெட்டுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

இதைத்தான் போலியா திரும்பிப் பார்த்தல் என்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் வந்த விடையை மூட்டை தூக்கும் மாமாவிடம் காட்டிச் சரிபார்த்தால் அது கறிக்கும் உதவும்.

அரிசி கொடுப்பவர்களுக்கும் ஒரு முறை உண்டு. டாக்டர் அப்துல் கலாம் இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாராம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர் அதையே இரண்டாம் முறை உரக்கச் சொல்லவில்லை. எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் பார்க்கச் செய்தார். புரியாதவருக்குப் பொருளையே காட்டுவது மிக உயர்ந்த உதவி. கடல் இல்லாத நம் ஊரில் நமக்குக் கிடைத்திருப்பது பட்டாசு.

தகட்டைத் தொடும் கை

இனி சொல்லப்போவது விளையாட்டு அன்று.

எங்களில் ஒருத்தியின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் பக்கத்துப் பேச்சில் அதை 'ஆபீஸ்' என்றே சொல்வோம். இந்தத் தோழிக்கு இயற்பியல் என்றாலே கசப்பு. பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். "எங்க வீட்டுல யாருகிட்ட போய்க் கேக்க? அம்மா எட்டாவது வரைக்கும்தான்" என்பாள்.

மின்னியல் பாடம் நடந்த வாரம், அவள் ஒரு நாள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் உலோகத் தகட்டைக் கையால் தொட வேண்டும் என்று அம்மா சொன்னார். "எதுக்கும்மா?" என்று கேட்டாள். "தொடணும்னு சொன்னாங்க, தொடுறோம். அவசரத்துல சில நாளு மறந்தும் போகும்" என்றார் அம்மா.

மறுநாள் அவள் பேருந்தில் எங்களிடம் இதைச் சொன்னாள். காரணம் எங்களுக்கும் தெரியவில்லை. பாத்திரத்தோடு அரிசி கேட்கப் போனோம். எங்கள் தெருவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் விடை சொல்லவில்லை. "நைலான் துணியைக் கழற்றும்போது இருட்டில் என்ன பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சின்னச் சின்னப் பொறி! படபடவென்ற ஓசை! அதுதான் நிலைமின்சாரம். உராய்வால் உடம்பில் மின்னூட்டம் சேர்கிறது. நம் மாவட்டத்தைப் போல் காற்று வறண்டிருக்கும் இடத்தில் அது எளிதில் கசிந்து போகாது.

அக்கா தம் பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தார். மனித உடம்பும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கிதான். அதன் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிகோஃபாரட். வறண்ட நாளில் நடந்து வரும்போது உடம்பின் மின்னழுத்தம் 5000 வோல்ட் வரை ஏறுவது அரிதன்று. சேர்ந்திருக்கும் ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி. நாங்களே போட்டோம். 100 பிகோஃபாரட் என்பது 10⁻¹⁰ ஃபாரட். 5000-இன் வர்க்கம் 2.5 × 10⁷. பெருக்கிப் பாதியாக்கினால் 0.00125 ஜூல், அதாவது 1.25 மில்லிஜூல்.

"இவ்வளவுதானா?" என்றோம். அக்கா முகம் மாறவில்லை. "நம் தோலுக்கு அது வெறும் சுருக்கென்ற குத்தல். ஆனால் சில வெடிமருந்துக் கலவைகள் பற்றிக்கொள்ள அந்தப் பொறியே போதும்" என்றார்.

எங்களில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். உதவிக்கும் பார்வையிடவும் ஓடிச் சென்ற ஊராரும் அவர்களுள் உண்டு. நாங்கள் அப்போது நடை பழகிய குழந்தைகள். ஆயினும் எங்கள் ஊர்களில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை.

தோழி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "சும்மா தொட்டுட்டுப் போனாப் போதுமா தாயி, இல்லை கொஞ்ச நேரம் கையை வச்சிருக்கணுமா?"

இதைவிடச் சிறந்த இயற்பியல் கேள்வியை நாங்கள் எந்தப் பயிற்சித் தாளிலும் கண்டதில்லை. அக்காவிடம் ஓடினோம். மின்தடையை மின்தேக்குத்திறனால் பெருக்கினால் மின்னூட்டம் வடியும் காலத்தின் அளவு கிடைக்கும் என்று மட்டும் அவர் சொன்னார். கையிலிருந்து தகடு வழியாகப் பூமிக்குச் செல்லும் வழியின் மின்தடை பத்து லட்சம் ஓம் என்றே வைத்துக்கொண்டோம். பத்து லட்சத்தை 10⁻¹⁰-ஆல் பெருக்கினால் 0.0001 விநாடி. இந்தக் காலத்தைப் போல் ஐந்து மடங்கு கழிந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னூட்டமே எஞ்சும். அதாவது, ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்!

ஆகவே அம்மாவின் கேள்விக்கு விடை: தகடு பூமியோடு ஒழுங்காக இணைந்திருந்தால் ஒரு தொடுதல் போதும். ஆனால் மறுபடி வெளியே நடந்து வந்தால் மறுபடி மின்னூட்டம் சேரும். எனவே ஒவ்வொரு முறை நுழையும்போதும் தொட வேண்டும். இது ஒன்றே பாதுகாப்பு என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. பருத்தி உடை, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இல்லாமை, அறைகளுக்கு இடையே இடைவெளி, இரும்புக் கருவிகளைத் தவிர்த்தல் எல்லாம் சேர்ந்ததே பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது.

'தொடு' என்பது அம்மாவுக்குக் கிடைத்த விடை. காரணம் கூட வராததால், அவசரத்தில் அது மறந்துபோயிற்று. '1360 மீட்டர்' என்பது எங்களுக்குக் கிடைத்த விடை. அதுவும் காரணமில்லாமல் வந்ததால் எங்களிடம் நிற்கவில்லை. எங்களுக்குப் போனது இரண்டு மதிப்பெண். அம்மாவுக்கு அப்படி அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

'நமக்கு இயற்பியல் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?' என்று நீங்கள் தயங்க வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டால் போதும். 'கணக்கு என்ன கேட்கிறது?' 'உனக்கு என்ன தெரியும்?' 'வந்த விடை நம்பும்படி இருக்கிறதா?' எங்கள் மாமா கேட்டது மூன்றாவது கேள்விதான். இப்போது கேள்வியைப் படம் எடுத்தால் விடை சொல்லும் செயலிகளும் கைபேசியில் வந்துவிட்டன. அவற்றையும் அரிசிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் ஐவரின் கட்டுப்பாடு. நான்கு வேலையும் முடித்த பிறகே பார்ப்போம். பார்த்தபின் மூடிவைத்துவிட்டு நாங்களே முதலிலிருந்து எழுதுவோம்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. இரவில் தொலைவில் ஒரு வாணம் வெடித்த ஒளி தெரிகிறது. 1.5 விநாடி கழித்துச் சத்தம் கேட்கிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் எனில் வாணம் எவ்வளவு தொலைவில் வெடித்தது? (குறிப்பு: இங்கே சத்தம் எத்தனை வழி நடந்தது?)

2. 0 டிகிரி செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். நம் ஊரில் 40 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்லும்? (குறிப்பு: விடை 340-ஐவிடக் கூடுமா, குறையுமா என்று முதலில் ஊகியுங்கள்.)

3. உடம்பின் மின்னழுத்தம் 5000-க்குப் பதில் 2500 வோல்ட் ஆனால், பொறியின் ஆற்றல் பாதியாகுமா? (குறிப்பு: 'வர்க்கம்' என்ற சொல்லை மறவாதீர்கள்.)

விடைகளை இங்கே அச்சிடவில்லை. ஏன் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்!

முடிவுரை

தோழியின் அம்மா இப்போது நாள்தோறும் தகட்டைத் தொட்டே உள்ளே செல்கிறார். அதோடு நிற்கவில்லை. உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன கணக்கு?" என்று மகளிடம் கேட்கிறாராம். மகளோ பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டு விண்ணப்பிக்கப்போவதாகச் சொல்கிறாள். அக்கா கொடுத்த ஒரு பிடி அரிசி இப்படி மூன்று வீடு தாண்டிப் போயிருக்கிறது.

ஆகவே தோழியரே, கணக்கு வராதபோது வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கும் முன் பாத்திரத்தைக் கழுவி எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் ஒருத்தி கேட்டு வந்தால் நோட்டை நீட்டாதீர்கள். ஒரு கேள்வியை நீட்டுங்கள். நம் தீபாவளிக்கு ஒளி தரும் கைகள் நாள்தோறும் பத்திரமாக வீடு திரும்ப இறைவன் காப்பாராக!

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவுத் தோழியர் ஐவர் சார்பில்,
அவர்களுள் ஒருத்தி.